எட்டு என்று சொன்ன கால்

"நாலு மணிக்கு லாரி வரும். அதுக்குள்ள எல்லாத்தையும் மூட்ட கட்டிடுங்க கோகிலாக்கா," என்று முதலாளி சுஐப் சொன்னபோது மணி பத்தேகால்.

கட்டைகள் அடுக்கிய அந்த அறை கோகிலவாணியின் பொறுப்பு. கையிலிருந்த கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றாள். ஷூ செய்கிற இடத்தில் கட்டை என்றால் மனிதக் காலின் அச்சு. ஒரு காலத்தில் மரத்தில் செதுக்கினார்கள், பெயர் அப்படியே தங்கிவிட்டது. இப்போது கெட்டிப் பிளாஸ்டிக். தோலை இதன் மேல் போர்த்தி, நீராவி காட்டி, இழுத்து, அடியில் ஒட்டி, சூடும் குளிரும் மாறி மாறிக் கொடுத்துவிட்டுக் கட்டையை உருவினால், தோல் காலின் வடிவத்திலேயே நிற்கும். கட்டை எந்தக் காலோ, ஷூவும் அந்தக் கால்தான்.

அந்த அறையில் முந்நூறு ஜோடிக் கட்டைகள் இரும்புத் தட்டுகளில் வரிசையாக இருந்தன. அத்தனையும் அமெரிக்கக் கால்கள்.

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது அந்தத் தொழிற்சாலை. நூற்றறுபது பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் இறங்கி வருகிற பெண்கள். பத்து வருடமாக ஆண்கள் போடும் தோல் ஷூ ஒன்றைத்தான் செய்தார்கள், பத்து வருடமாக ஒரே நாட்டுக்குத்தான் அனுப்பினார்கள். போன ஆகஸ்டில் அந்த நாடு இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் வாங்குகிறவரிடமிருந்து நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆர்டர் நிறுத்தம்.

சுஐப் பத்து நாள் தூங்காமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். ஐரோப்பாவில் ஒருவர் ஆர்டர் தருவதாகச் சொல்கிறார். அவர்களுடைய கால் கணக்கு வேறு, கட்டை வேறு. புதுக் கட்டை வாங்கப் பணம் வேண்டும், அடுக்க இடம் வேண்டும். பழையதைக் கள்ளக்குறிச்சியில் பிளாஸ்டிக் அரைக்கிற ஆலைக்குப் போட்டுவிட்டால் இரண்டும் கிடைக்கும். புதுக் கட்டை வந்து, மாதிரி அனுப்பி, அவர்கள் சரி சொல்லி, வேலை தொடங்க மூன்று மாதம். அதுவரை எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் கோகிலவாணிக்கு இடித்தது. மூன்று மாதம் என்று அனுப்பினால் மலைப் பெண்கள் மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். குடும்பத்தோடு காபித் தோட்டத்துக்குப் போவார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. ஆளில்லாத தொழிற்சாலைக்கு ஆர்டர் வந்து என்ன செய்ய? அவளும் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், ஒன்பது வருடம் நிழலில் வேலை செய்துவிட்டு, மறுபடி அந்தக் கரும்புச் சோகைக்குள்.

"ஏன் சார், அமெரிக்காக்காரன் திரும்பவே மாட்டானா?"

"அவன் கத முடிஞ்சுதுக்கா. ஒலகத்துல எவனும் ஒரு நூறு வருஷத்துக்கு மேல ஒசரத்துல குந்திக்கினு இருந்ததில்ல. இவன் எம்பது வருஷம் குந்திட்டான். பயம் வந்துட்டுது, அதான் வரி போடறான். தெம்பா இருக்கறவன் எதுக்குக் கதவ சாத்தப்போறான்?"

கதவருகில் ஃபரீன் சிரித்தாள். சுஐபின் தங்கை. வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தெல்லாம் அவள் கையில்.

"இதையே நாப்பது வருஷம் முன்னாடி ஜப்பானக் காட்டிச் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி ரஷ்யாவக் காட்டிச் சொன்னாங்க. நீ சீனாவுல ஷூ ஒட்டற பச வாங்கறியே அண்ணே, எந்தக் காசுல குடுக்கற?"

"டாலர்ல."

"சீனாக்காரன் கிட்ட சரக்கு வாங்கி அமெரிக்காக்காரன் காசு குடுக்கற. அப்புறம் கத முடிஞ்சுதுங்கற."

"அது பழக்கம்."

"அதத்தான் நானும் சொல்றேன். அவன் தெம்பு பாதியாக் கொறஞ்சாலும் பழக்கம் இன்னும் அம்பது வருஷம் ஓடும். இந்த வருஷம் வரி போடுவான், அடுத்த வருஷம் கொறைப்பான். கட்டய வெச்சிருந்தாத்தான் நமக்கு ஆர்டர்."

"வெச்சிக்கினு? அம்பது வருஷம் இங்க குந்தி அவன் மொகத்தப் பாத்துக்கினு இருக்கறதா?"

கோகிலவாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் சொல்வது சரியானால் கட்டை அரைபடும், ஆள்கள் வீட்டுக்கு. தங்கை சொல்வது சரியானால் கட்டை பத்திரம், ஆள்கள் அப்போதும் வீட்டுக்கு. அமெரிக்கா இன்னும் எத்தனை நாள் என்பதற்கு யார் என்ன பதில் சொன்னாலும் நாளைக் காலை வேன் வராது.

"சார், போன வாரம் ஒருத்தரு போன் பண்ணாரே. மெட்ராஸ்ல செக்யூரிட்டி கம்பெனி. நாலாயிரம் ஜோடி."

"அன்புச்செல்வனா? அவருக்கு நாப்பது நாள்ல வேணும். நம்மூரு சைஸுக்குக் கட்டை செஞ்சு வரவே நாப்பத்தஞ்சு நாளாவும். முடியாதுன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு சேலத்துல வேலய முடிச்சிட்டு மூணு மணிக்கு இந்தப் பக்கமாத்தான் ஆம்பூருக்குப் போறாரு, வேற எடம் பாக்க."

"இதே கட்டையில செய்யலாம் சார்."

இங்கே ஒரு சின்னக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கடையில் ஏழு, எட்டு என்று கேட்டு வாங்குகிறோமே, அது ஆங்கிலேயர் கணக்கு. மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்று அவர்கள் ஊரில் ஒரு பழைய வழக்கம். ஒரு மணி நீளம் கூடினால் ஒரு சைஸ் கூடும். ஆண்டவர்கள் போய் எழுபத்தெட்டு வருடம் ஆகியும் கடைப் பெட்டிகளில் அந்த மணிதான் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் உயரத்துக்கு வந்த அமெரிக்காவாவது மாற்றியதா என்றால் இல்லை. அதே மணியை வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கும் இடத்தை மட்டும் நகர்த்திக்கொண்டது. அதனால் ஆண்கள் ஷூவில் அமெரிக்க ஒன்பது என்பது இங்கே எட்டு. ஐரோப்பியக் கணக்கில்தான் அந்த மணி கிடையாது.

சுஐபுக்கு இதெல்லாம் தெரியும். "நீளம் சரிதான்க்கா. அகலம்? இந்தக் கட்ட முன்பக்கம் ஒடுக்கம். நம்மாளு கால் வெரல் பக்கம் விரிஞ்சது. நாள் பூரா நிக்கறவன், கட்டைவெரல் நசுங்கினா மறுநாளே கழட்டி வீசுவான்."

"ரெண்டு பக்கமும் தோல் பட்டை சீவி ஒட்டினா அகலம் வந்துடும் சார்."

"நாலாயிரம் ஜோடிக்குமா?"

"பட்டை கட்டைக்குத்தான சார், ஷூவுக்கா? முந்நூறு ஜோடி கட்ட. எட்டுப் பேரு குந்தினா ரெண்டு நாள்ல முடிச்சிருவோம். அப்புறம் அதே கட்ட மேல எத்தினி ஜோடி வேணாலும் இழுக்கலாம்."

சுஐப் கட்டையை வாங்கி முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். பிளாஸ்டிக் எங்கே அழுந்தும்? ஆனாலும் அழுத்தினான்.

"மூணு மணிக்கு அவரு கையில ஒரு ஜோடி இருக்கணும். ஒரு ஆளு போட்டு நடந்து காட்டணும். இல்லன்னா லாரிக்காரன நான் நிறுத்த மாட்டேன். மூட்ட கட்டறதும் நிக்கக்கூடாது."

*

யார் காலுக்குச் செய்வது என்ற கேள்வியிலேயே ஐந்து நிமிடம் போனது. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், பத்து வருடத்தில் அங்கே ஒருவர்கூடத் தாங்கள் செய்த ஷூவுக்குள் கால் விட்டதில்லை. விடக் கூடாது. ஒருமுறை நடந்தால் தோலில் மடிப்பு விழும், மடிப்பு விழுந்தால் இரண்டாம் தரம். போட்டுப் பார்த்த ஒருவனை முதல் வருடமே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சரியாக வந்திருக்கிறதா என்பதை அளவுகோலும் அட்டையும் சொல்லும், கால் சொல்லத் தேவையில்லை.

தோல் இழுக்கிற மெஷினில் நின்ற வீரமணிதான் கையைத் தூக்கினான். திருநாவலூர்க்காரன், நல்ல உயரம்.

"எனக்கு எட்டுக்கா."

"நெசமாவா?"

"பதினெட்டு வயசுலேர்ந்து எட்டுதான். கல்யாணத்துக்கு எடுத்த பூட்ஸும் எட்டு. மாமனார் வூட்ல கேட்டுப் பாரு."

அமெரிக்க ஒன்பதை எடுத்தாள். பட்டைக்குத் தோலைச் சீவினாள். நடுவில் தடித்து ஓரத்தில் தாள்போல் மெலிய வேண்டும், இல்லையென்றால் ஷூவில் விளிம்பு தெரியும். ஒட்டிக் காயவைத்து, பழைய ஆர்டரில் மீந்திருந்த கறுப்பு மேல்தோலைப் போர்த்தினாள். வீரமணி இழுத்தான். சூட்டறை, குளிரறை, அடிப்பாகம் ஒட்டுதல், அழுத்தம். பின்னால் மலைப் பெண்கள் ஒவ்வொரு கட்டையாகச் சாக்கில் போடும் சத்தம் நிற்காமல் கேட்டது. ஒவ்வொரு சத்தமும் அவள் முதுகில் விழுந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கட்டையை உருவினாள். வீரமணி கால்களைத் துடைத்து, புதுக் காலுறை மாட்டி, உள்ளே விட்டான். எழுந்து நின்றான். நான்கு அடி நடந்தான்.

குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே வந்தது. சளக், சளக்.

"பெருசா இருக்குதுக்கா."

"எட்டுன்னியேடா."

"எட்டுதான்க்கா. ஆனா இது மாமனாரோட எட்டு மாதிரி இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. கதவருகில் நின்றிருந்த சுஐப் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பட்டை தடித்துவிட்டதா? கட்டை எண்ணைத் தப்பாகப் பார்த்தோமா? அடியில் பொறித்த எண்ணைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பதுதான். வீரமணியின் விரல் பக்கத்தை அழுத்தினாள். அகலம் கச்சிதம். நீளத்தில்தான் வெற்றிடம்.

அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அளவுகோலிலோ கட்டையிலோ இல்லை. காலில்.

"இந்த அட்டை மேல ஏறி நில்லு. ரெண்டு கால்லயும் சமமா."

பென்சிலால் சுற்றி வரைந்தாள். குதிகாலிலிருந்து நீண்ட விரல் வரை இருபத்தைந்தரை சென்டிமீட்டர். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை ஓட்டினாள்.

"ஏழுடா உனக்கு."

"ஏழு போட்டா வெரல் நசுங்கும்க்கா. ஒரு தபா கடையில போட்டுப் பாத்துட்டேன்."

"நசுங்கும். அகலம் பத்தாம. நீ அகலத்துக்காவ நீளத்த வாங்கியிருக்க."

வீரமணி தன் காலையே முதல் தடவை பார்க்கிறவன்போல் பார்த்தான். கடைக்காரன் ஏழாம் நம்பரைக் கொடுத்தான், நசுங்கியது. எட்டைக் கொடுத்தான், நசுங்கவில்லை. குதிகாலில் கொஞ்சம் ஆடியது, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து தன் கால் எட்டு என்று நம்பினான். ஊரில் முக்கால்வாசிப் பேர் கதை இதுதான். எங்கேயோ ஒரு குளிர்நாட்டில் ஒடுங்கிய காலுக்கு எழுதிய கணக்கு. அது தங்களுக்குப் பொருந்தவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்கள் காலைப் பற்றித்தான் மாற்றிச் சொன்னார்கள்.

மணி ஒன்று பத்து.

"அடுத்த ஜோடி. அமெரிக்கா எட்டாம் கட்ட, நம்ம ஏழு. சோறு அப்புறம் துண்ணலாம்."

எட்டாம் கட்டைகள் சாக்குக்குள் போயிருந்தன. கட்டிய வாயை அறுத்து, மூன்று மூட்டைகளைத் தரையில் கொட்டி, ஒரே ஜோடியின் இடதையும் வலதையும் தேடி எடுக்கவே கால் மணி. பட்டை சீவி ஒட்டி, மேல்தோலைப் போர்த்தி இழுத்து முடித்தபோது இரண்டு. இனிமேல்தான் ஆபத்து. குளிரறையிலிருந்து வந்த ஷூவைக் கட்டையோடு கொஞ்ச நேரமாவது நிற்கவிட வேண்டும். அவசரப்பட்டு உருவினால் தோல் தான் முன்பிருந்த நிலைக்கே சுருங்கிக்கொள்ளும், பட்டை வைத்த பலனே போய்விடும்.

இரண்டு ஐம்பதுக்கு வாசலில் கார் நின்றது. கூடவே, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக, லாரியும்.

"உருவிடலாம்க்கா," என்றான் வீரமணி.

"இன்னும் ஆவல."

"அவரு உள்ள வந்துட்டாரு."

"டீ குடிக்கட்டும்."

ஃபரீன் டீ வாங்க ஆளனுப்பினாள். பிறகு தானே போய் அன்புச்செல்வனிடம் சாலையைப் பற்றியும், சேலத்துப் பக்கத்து மழையைப் பற்றியும், அவர் பட்டாளத்தில் இருந்த நாட்களைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே லாரிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். மூன்று பன்னிரண்டுக்குக் கோகிலவாணி கட்டையை உருவினாள்.

வீரமணி அவர் முன்னால் கால் விட்டான். நடந்தான். கூடத்தின் கடைசி வரை போய்த் திரும்பினான். சத்தமில்லை. குந்தி எழுந்தான், படியில் ஏறி இறங்கினான்.

"எப்டிப்பா இருக்குது?" என்றார் அன்புச்செல்வன்.

"ஷூ போட்ட மாதிரியே இல்ல சார். கயிறு கட்டவே மறந்துட்டேன்."

அவர் குனிந்து வீரமணியின் விரல் பக்கத்தை அழுத்தினார், குதிகாலில் சுண்டுவிரலைச் செருகப் பார்த்தார். முகம் தெளிந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சுஐபிடம் நீட்டினார். நாலாயிரம் காவலர்களின் அளவுப் பட்டியல்: ஏழில் இத்தனை, எட்டில் இத்தனை, ஒன்பதில் இத்தனை. "நாப்பது நாள். முடியும்ல?"

"முடியும் சார்," என்றான் சுஐப். காலையில் அரைக்கிற ஆலைக்கு மூட்டை கட்டச் சொன்ன ஆளின் குரலா அது என்று இருந்தது.

கோகிலவாணி அந்தத் தாளைப் பார்த்தாள். இதில் உள்ள எண்களை யார் சொன்னது? அவரவர் சொன்னது. வீரமணி சொன்ன மாதிரி. அகலம் சேர்த்த கட்டையில் இந்தப் பட்டியல்படி செய்து அனுப்பினால் நாலாயிரம் பேரில் முக்கால்வாசிப் பேர் குதிகால் சளக் சளக்கென்று நடப்பார்கள். சரக்கு திரும்பும். இப்போது வாயைத் திறந்தால் ஆர்டரே போகலாம். திறக்காவிட்டால் நாற்பது நாளைக்கு வேன் வரும்.

நாற்பது நாள். அதற்குள் வேறு ஏதாவது வழி பிறக்காதா?

"சார், இந்த லிஸ்ட் தப்பு," என்றாள்.

சுஐப் அவளை முறைத்தான். அவள் நிறுத்தாமல் சொன்னாள். வீரமணியின் எட்டு, அட்டையில் வரைந்த ஏழு, காலையில் செய்து பாழான ஜோடி, எல்லாவற்றையும். அந்த ஜோடியைக் கொண்டுவந்து மேஜையிலும் வைத்தாள்.

அன்புச்செல்வன் நாற்காலியில் சாய்ந்தார். "இன்னாம்மா பேசற. எங்க ஆளுங்களுக்குத் தன் காலு அளவு தெரியாதா? நானே முப்பது வருஷமா ஒம்போது போடறேன். பட்டாளத்துலயே ஒம்போது."

"உங்க ஷூ முனைய அமுத்திப் பாருங்க சார்."

அவர் பார்க்கவில்லை. சுஐப்தான் குனிந்து அழுத்தினான். தோல் பள்ளமாக உள்ளே போனது. பிறகு அவர் தாமாகவே ஷூவைக் கழற்றி, அட்டையில் ஏறி நின்றார். கோகிலவாணி வரைந்தாள். எட்டு.

"நாலாயிரம் பேர் கால அளக்கச் சொல்றியா?" குரலில் கோபம் குறையவில்லை.

"இப்போதிக்கு நூறு பேர அளங்க சார். எல்லாருக்கும் இப்டியே வந்தா லிஸ்ட்ட ஒரு சைஸ் எறக்கிடலாம். நான் அட்டை வரஞ்சு தரேன்."

அவர் காலுறையோடு வாசலுக்குப் போய்ப் போனில் பேசினார். நெடுநேரம் பேசினார். லாரிக்காரன் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். திரும்பி வந்தவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

"அளந்து பாக்க பத்து நாள் ஆவும். ஆம்பூர்க்காரங்ககிட்டயும் போய்ப் பேசிட்டுத்தான் போவேன். அங்க இந்தக் கேள்வியக் கேக்கறாங்களான்னும் பாப்பேன். இன்னிக்கு நான் எதுலயும் கையெழுத்துப் போட முடியாது."

கார் போய்விட்டது. லாரி நின்றது.

"வாயத் தொறக்காம இருந்திருந்தா ஆர்டர் கையில இருந்திருக்கும்," என்றான் சுஐப்.

"சரக்கு திரும்பி வந்திருக்கும் சார்."

"தெரியும்." மேஜைமேல் இருந்த இரண்டு ஜோடிகளையும் பார்த்தான். ஃபரீன் காலி டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். காலையில் உலகத்தை நூறு வருடக் கணக்கில் பிரித்துப் போட்டவர்கள் இப்போது பத்து நாளைத் தாண்ட முடியாமல் நின்றார்கள். அமெரிக்கா இருக்குமா போகுமா என்று முடிவு தெரிந்த பிறகு நடப்பது என்றால் யாருமே எங்கும் நடக்க முடியாது என்று சுஐபுக்குத் தோன்றியிருக்கலாம். அல்லது லாரிக்காரனின் மூன்றாவது ஹாரன் எரிச்சலைக் கிளப்பியிருக்கலாம்.

"பன்னெண்டு, பதிமூணு, பதினாலாம் கட்டைங்கள ஏத்துங்க," என்றான். "அந்தக் கால் இந்த ஊர்ல யாருக்கும் கெடையாது. மிச்சத்தப் பிரிச்சுத் தட்டுல அடுக்குங்க. பட்ட ஒட்ட எட்டுப் பேர் நாளைக்கு வரட்டும்."

"பத்து நாள் கழிச்சு அவரு வேணாம்ட்டா?" என்றாள் ஃபரீன்.

"அகலக் கால் இவரு ஒருத்தருகிட்டத்தான் இருக்குதா?"

எட்டே பேர். கோகிலவாணி மனதுக்குள் எட்டுப் பெயர்களைத் தேடினாள், எட்டும் நிறைந்தபின் மலைப் பெண்களிலேயே மீதி எழுபதுக்கும் மேற்பட்ட முகங்கள் நின்றன. வெளியே மலை வேன் புறப்படத் தயாராக இருந்தது. காலையில் சாக்கில் கட்டை போட்டுக்கொண்டிருந்த கண்ணகி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நாளைக்கு வரலாமா வேணாமா? வேணாம்னு சொல்லிட்டா எம் புருஷன் தோட்டத்துக்காரருக்கு போன் பண்ணிடும்."

கோகிலவாணி வேன் படியில் கை வைத்து நின்றாள். உள்ளே எல்லா முகங்களும் திரும்பின.

"நீ வா. இன்னும் ஏழு பேரு வரணும், பேர் சொல்றேன். மத்தவங்க பத்து நாளைக்குத் தோட்டத்துக்காரருகிட்ட வாக்குக் குடுக்காம இருக்க முடியுமான்னு பாருங்க. நிச்சயம்னு நான் சொல்லமாட்டேன்."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது: "பத்து நாளுக்குத் துண்றதுக்கு இன்னா பண்றது?"

கோகிலவாணி ஒரு படி மேலே ஏறினாள். பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள்.